வலது கைக்கு மாறிய ஆட்டக்காரர்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் நான் டிசைனராக இருந்தபோது அங்கே மெஷின் ஓட்டியவர் அவர். ஒல்லியான உடம்பு, நகக்கண்ணெல்லாம் மை. தாள் அடுக்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு கிரிக்கெட் கேள்வி கேட்பார்.

"ஆஸ்திரேலியாக்காரரு ஒருத்தரு. கடைசி ஆட்டத்துல நாலே ரன் எடுத்தாப் போதும், சராசரி நூறு. எம்புட்டு எடுத்தாரு, சொல்லுங்க தம்பி?"

நான் விழிப்பேன். "முட்டை!" என்று கத்திவிட்டு, நேற்று நடந்ததுபோலத் துள்ளுவார்.

தீபாவளி சீசனில் ஒருநாள், கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் படம் போட்ட பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பட்டென்று நிறுத்திவிட்டார். வெளியே லோடு வண்டி காத்து நின்றது. முதலாளி ஓடி வந்தார்.

"மொதலாளி, இவரு இடது கை ஆட்டக்காரரு! பந்துதான் வலது கையில போடுவாரு. லேபிள்ல வலது கை ஆட்டக்காரராட்டம் நிக்காரு!"

பட்டாசின் பெயருக்கு இடம் வேண்டிப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டவன் நான்தான்.

"வெடிக்கப்போற பெட்டிய யாருய்யா உத்துப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேன்ல மொதலாளி!"

முதலாளி லோடு வண்டியைக் காத்திருக்கச் சொன்னார். படத்தைச் சரிசெய்து புது பிளேட் போட்டோம்.

பாழான தாள்களைக் கட்டும்போது அவர் ஒன்றை மட்டும் உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"வலது கையில ஆடியிருந்தா இவரு எம்புட்டு அடிச்சிருப்பாரு? யோசிக்கணும்ல தம்பி!"

அவரிடம் விடை இல்லாத ஒரே கேள்வி அதுதான். இப்போதும் டிவியில் இடது கைக்காரர் யார் இறங்கினாலும், மனசுக்குள் ஒருமுறை படத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.