பக்கத்து நாற்காலிக்காரரின் தொண்டை

எங்கள் மாமா பூட்டு ரிப்பேர் செய்பவர். எதிர்க்கடைக்கு இரண்டு வாடிக்கையாளர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அன்று அவருக்குத் தூக்கம் வராது. அப்படி ஒரு மனுஷன்!

நாக்கின் அடியில் வந்த புற்றுநோய்க்கு அவருக்கு முப்பத்தைந்து நாள் கதிர் சிகிச்சை. "வலிக்குதுன்னு முழுங்கறத நிறுத்திட்டீங்கன்னா தொண்டை தசை வேலையை மறந்துடும். அப்புறம் ஆயுசுக்கும் குழாய் வழியாத்தான் சாப்பாடு" என்று விழுங்கும் பயிற்சி தருகிற அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். தினமும் முப்பது தடவை அழுத்தி விழுங்கி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட வேண்டும். மாமா விழுங்காமலே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்தார்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். அதே நோய், அதே சிகிச்சை நேரம். "இவரப் பாருங்க, வாழைப்பழம் மசிச்சு சாப்பிடறார்!" என்று பயிற்சியம்மா எல்லோருக்கும் காட்டினார். மாமாவுக்கு வயிறு எரிந்தது.

"பெரிய இவரு! முழுங்கினதுக்கு மெடல் குத்துவாங்களா?" என்று அத்தையிடம் வெடித்தார்.

"நீங்களும் முழுங்குங்களேன். யாரு வாயக் கட்டிப்போட்டா?"

மறுநாளிலிருந்து மாமா டிரைவரின் தொண்டையையே முறைத்தார். குரல்வளை ஏறி இறங்கினால் ஒன்று. அவர் முப்பது என்றால் இவர் முப்பத்தொன்று. எச்சில் கண்ணாடித் தூளாக இறங்கும், கண்ணில் நீர் கொட்டும், ஆனாலும் விடமாட்டார். கூடப் போன நான் துண்டை எடுத்து நீட்டுவேன்.

நான்காவது வாரம் நாற்காலி காலி. வலி தாங்காமல் டிரைவர் வயிற்றில் குழாய் போட்டுக்கொண்டு வார்டில் படுத்துவிட்டார். வாய் வழியே ஒரு சொட்டுகூட இறக்குவதில்லையாம்.

"ஜெயிச்சாச்சு" என்றார் மாமா. அன்று அவர் விழுங்கியது பதினொன்று. மறுநாள் நான்கு.

மூன்றாம் நாள் மாமா டிரைவரைத் தேடி வார்டுக்கே போய்விட்டார். பயிற்சியம்மா ஸ்பூனில் தண்ணீரோடு கெஞ்சிக்கொண்டிருந்தார். "குழாய் இருந்தாலும் நீங்க தண்ணி முழுங்கலாம்னு டெஸ்ட்ல தெரிஞ்சாச்சே. ஒரே ஒரு வாய்." டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன டிரைவரே, வண்டி நின்னுபோச்சா? நான் நேத்து முப்பத்தஞ்சு" என்று மாமா புளுகினார்.

"முப்பத்தஞ்சா? மூஞ்சியப் பாரு!" டிரைவரின் குரல் கரகரத்தது.

"வேணும்னா எண்ணிக்குங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமா விழுங்கிக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குள் டிரைவர் ஸ்பூனைப் பிடுங்கினார். முகம் கோணியது, கட்டிலை இறுகப் பிடித்தார். இறங்கிவிட்டது!

பயிற்சியம்மா கைதட்டினார். டிரைவருக்கு மட்டும்.

மாமாவின் முகம் போன போக்கு இருக்கிறதே!

"எனக்கும் ஒரு ஸ்பூன் குடுங்கம்மா" என்று கையை நீட்டினார்.