ரோசம்மாவின் செபங்கள்

இன்று காலை சங்குக் கிட்டங்கிப் பக்கம் போனேன். சங்குச் சதை அழுகும் அந்த வாடை பட்டதும் ரோசம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மனுஷியை நாற்றத்தோடு சேர்த்தா நினைப்பாய் என்று நீங்கள் சிரிப்பீர்கள். என்ன செய்ய, எங்கள் தெருவுக்கு வந்த வெளியூர்க்காரர்களில் மூக்கைப் பொத்தாதவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஐந்து வருஷம் குடியிருந்தார்; ரோசம்மா என்பது நாங்கள் கூப்பிட்ட பெயர். யூதர் என்று சொல்லி ஜெர்மனியில் விரட்டிவிட்டார்கள். ஜெர்மன் சண்டைக்காலத்தில் இங்கே வெள்ளைக்காரர்கள், ஜெர்மன்காரி என்று சொல்லி வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வைத்தார்கள். "எங்கன போனாலும் நான் தப்பான ஆளுதான், ஏளா" என்பார். தமிழ் என்னிடம் கற்றது. மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் கற்றால் வேறெப்படி இருக்கும்! மீன்காரியிடம், "கண்ணு செத்துக் கெடக்கு, இத நீயே தின்னு" என்று சண்டை போடுவார்.

சாயங்காலம் ஆனால் உட்கார்ந்து எழுதுவார். பிறகு எழுதியதைச் சத்தமாகப் படிப்பார். கோயிலில் லத்தீன் பூசை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். புரியாத பாஷையில் ஒருவர் தினமும் உருக்கமாகச் சொன்னால் அது வேறென்ன? "செபம் சொல்லுதாக, சத்தம் போடாத" என்று அம்மா என்னை அடக்குவாள்.

போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். எங்களில் யார் செத்தாலும் செபமாலையும் செபப்புத்தகமும் சவப்பெட்டிக்குள் வைப்போம். ரோசம்மாவிடம் இருந்தது அந்தத் தாள்கள்தான். என் ரிப்பனால் கட்டி, அவர் கைக்குள் நான்தான் வைத்தேன். ஒன்றுவிடாமல். ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கடல் பக்கம் புதைத்தார்கள்.

போன மாதம் லண்டனிலிருந்து ஒரு அம்மா வந்தார், இங்கிலீஷ் தெரிந்த எங்கள் கோயில் உபதேசியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. கையில் ஒரு பழைய புத்தகம். அட்டையில் குட்டைமுடியோடு ரோசம்மா!

"நம்ம ரோசம்மா பெரிய கதை எழுதுறவுகளாம். ஜெர்மனியில இவுக புஸ்தகத்தையெல்லாம் கொளுத்தினது போக இந்த ஒண்ணுதான் மிச்சமாம். திரும்ப அச்சடிக்கப் போறாக. இங்கன இருந்து எழுதுனதெல்லாம் எங்கன்னு கேக்காக" என்றார் உபதேசியார்.

"அது செபம்லா, அண்ணாச்சி?" என்றேன். அவர் கைக்குள் வைத்துப் புதைத்ததைச் சொல்லி, அவர்களைக் கடல் பக்கம் கூட்டிப்போனேன்.

ஐப்பசி மழையில் கடல் ஏறி அந்த மணலே இடம் மாறியிருந்தது. அடையாளத்துக்கு வைத்த கல்லைக் காணோம். இரண்டு இடத்தில் தோண்டினார்கள். மூன்றாவது இடத்தில் மண்வெட்டியை ஓங்கியபோது, போதும் என்று அந்த அம்மாவே கைகாட்டினார். என்னைத் திட்டவில்லை. தோளில் கை வைத்து, அவர் படித்ததில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று உபதேசியாரைக் கேட்கச் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: படிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்திச் சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். செபத்தில் என்ன சிரிப்பு என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் தமிழில் சொல்லியிருப்பார்.