வலிக்காத கை

முள் குத்தினால்கூட ஊரைக் கூட்டிவிடுவாள் என் அத்தை, அப்பாவின் தங்கை. ஆனால் அன்றைக்கு ஊரைக் கூட்ட அவளுக்கு நியாயம் இருந்தது. விருத்தாசலத்தில் அத்தையும் அப்பாவும் வேலை பார்த்த செராமிக் கொட்டகையில், முழுதாக ஆறாத சூளையை அவசரப்பட்டுத் திறந்திருக்கிறார்கள். பொம்மைகள் அடுக்கிய பலகை சரிந்து அத்தையின் முன்கையை உரசியது. அவள் மேலேயே விழ இருந்ததை வெறுங்கையால் பிடித்து நிறுத்தியவர் அப்பா.

அத்தையின் கையில் யாரோ பேஸ்ட்டை அப்பிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் அம்மாவோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் "உயிரு போவுதே!" என்று அத்தை அலறிக்கொண்டே வந்தாள். அப்பாவோ வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, மொதல்ல அவளப் பாருங்க" என்றார்.

டாக்டரம்மா பேஸ்ட்டைக் கழுவிக்கொண்டே, "ஏம்மா, கைக்குப் பல்லு வெளக்கினீங்களா?" என்று கேட்டார். சிவந்து கொப்புளித்திருந்த இடத்தை லேசாக அழுத்தினார். அது வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது. அத்தை போட்ட கூச்சலில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

"வலிக்குதில்ல? ரொம்ப நல்லது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படியும் ஒரு டாக்டரா?

அப்பாவின் உள்ளங்கை காய்ந்த களிமண்ணைப் போல வெளுத்திருந்தது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், சிவப்பு வரவில்லை. அப்பாவை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு ஊசியால் குத்தினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை.

"எப்பங்க குத்துவீங்க?" என்று அப்பா கேட்டார்.

அடேயப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊசியையே ஏமாற்றிவிட்டாரே மனுஷன்! டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆழமா வெந்திருக்குங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கையில உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அலறிய அத்தைக்கு மருந்து தடவி ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அலறாத அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வீரருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தேன். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே வெந்துபோய்விட்டது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பள்ளிக்கூடத்தில், "எங்கப்பாவ நெருப்பே சுடாது, தெரியுமா?" என்று அளந்துவிட்டேன். நம்பாதவளின் சடையைப் பிடித்து இழுத்தேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புண் ஆறிய பிறகும் அந்தக் கை மரத்தே கிடந்தது. அம்மாதான் மாதக்கணக்கில் சோறு ஊட்டினாள். அவள் அடிக்கடி அந்த உள்ளங்கையைக் கிள்ளுவாள், வலிக்கவில்லை என்று அப்பா தலையாட்டுவார். ஒருநாள் தானே சாப்பிடுகிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். ஆவி பறக்கும் சோற்றில் கையை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஸ்ஸ்... சுடுதுடி!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அத்தை வழக்கம்போல ஊரைக் கூட்டினாள். நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எங்கப்பாவும் எல்லாரையும் போலச் சாதாரண ஆளாகிவிட்டாரே!