ஒரு ஆட்டுத்தோல், மூன்று பாடம்

என் பீரியடை யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்காது. கணக்கு டீச்சர்களுக்கு அது பிறவிக்குணம். ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர், கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றையும் சேர்த்து ஏழாம் வகுப்புக்கு ஒரே பாடமாக நடத்தலாம் என்றபோது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். முந்தைய பள்ளியில் கெஞ்சியும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லையாம்.

எங்கள் தலைமையாசிரியைக்கும் அரைமனதுதான். "ஒரு தடவை நடத்துங்க, நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன். பசங்க குழம்பிட்டா அத்தோட விட்டுடணும்" என்றார்.

அறிவியல் டீச்சர் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கட்டம் போட்ட தாளில் விரித்து, ஓரத்தை வரைந்து, பிள்ளைகள் குழுக்குழுவாகக் கட்டங்களை எண்ணிப் பரப்பளவு சொல்ல வேண்டும். அது என் பங்கு. நான் முன்பே எண்ணி வைத்திருந்தேன். எல்லாக் குழுவின் விடையும் என்னுடையதைவிடக் கம்மி.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அறிவியல் டீச்சருக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

"இன்னா எண்ணினீங்க?" என்று அதட்டினேன்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "தழும்பு இருக்கிற எடத்த விட்டுட்டோம் டீச்சர். அதுல ஷூ வெட்ட மாட்டாங்க. எங்கம்மா கம்பெனியில கட்டிங்லதான் இருக்காங்க."

யாரும் சொல்லாமலே எல்லாக் குழுவும் தழும்பைக் கழித்திருந்தது. நானாக இருந்தால் தப்பு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அறிவியல் டீச்சர் அங்கேதான் பிடித்துக்கொண்டார். "சரி, அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?"

உண்ணி கடித்த புள்ளி, கம்பி கிழித்த கோடு, காயம் ஆறும்போது தோல் எப்படி மூடிக்கொள்கிறது என்று பாடம் தானாக ஓடியது. அப்புறம் தமிழ். ஆடு தன் கதையைச் சொல்வதுபோல எழுதச் சொன்னார். இப்படி ஒரு மூளையா என்று அசந்துபோய் நின்றேன்.

தோலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருந்தன. அதே பெண் வாசித்தாள்: "வேலியைத் தாண்டினேன், கம்பி கிழித்தது. ஆனால் அந்தப் பக்கம் பச்சைப்புல் இருந்தது. அதனால் மறுநாளும் தாண்டினேன்."

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை முன்னால் வந்து அந்த இரண்டு கீறல்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுத்த பாடம் எப்போ?"

அறிவியல் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கே மேடம். என் பீரியடுல."