வடக்கு மூலை ஏரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் என்னால் யாரிடமும் ஐந்து நிமிடம் பேச முடியாது. இப்போது ஆராய்ச்சி மாணவி வேறு. டயாட்டம் என்ற நுண்பாசி செத்தாலும் அதன் கண்ணாடி போன்ற ஓடு மண்ணில் அப்படியே தங்கிவிடும். அந்த ஓடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அந்த இடம் ஒரு காலத்தில் ஆறா, ஏரியா, கடலா என்று சொல்வது என் வேலை.

நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலிலேயே குழாய் இறக்கி மண் எடுத்தேன். முழங்கை ஆழத்தில், தேங்கிய நீரில் வாழும் பாசிகளின் ஓடுகள் குவிந்து கிடந்தன. பழங்காலத்தில் இங்கே ஓர் ஏரி! திங்கட்கிழமை நெறியாளர் முன் வைக்க வேண்டிய அறிக்கைக்கு அதையே தலைப்பாக்கினேன்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அப்பாவிடம் அளந்தேன்.

"எந்த மூலையில எடுத்த?"

"வடக்கு மூலைப்பா, பம்புசெட்டுகிட்ட."

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். "அது பள்ளமா கெடந்துச்சும்மா. கோயில் குளம் தூர்வாரினப்ப அந்த வண்டல அடிச்சுத்தான் மேடாக்குனோம். மறந்துட்டியா? அழுது அடம்புடிச்சு ஒவ்வொரு நடைக்கும் டிராக்டர்ல ஏறி வந்தியே!"

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஏரியக் கொண்டாந்து எறக்குனதே இவதான்!"

தலைப்பை அடித்துவிட்டு, 'மேலடுக்கு: மனிதர் கொட்டிய குளத்து வண்டல்' என்று எழுதி எடுத்துப் போனேன்.

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் நெறியாளர்.

"நேர்ல பாத்த சாட்சி இருக்குங்க சார்."

"யாரு?"

எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன அந்த 'நான்' என்பதை அன்று கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.