பனிக்காரிக்கு ஒரு காரணம் கிடைத்தது

1999ஆம் ஆண்டு, ஆனி மாதம். இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார், கைக்குழந்தையிலிருந்து பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகள் வரை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் ஒருமுறை, குழந்தைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவார்கள். நான் கதை சொல்வது அந்த நேரத்தில்தான்.

ஹட்டன் நூலகத்தில் மாயாஜாலக் கதைகளாகத் தேடித் தேடிப் படித்த காலம் அது. படித்ததை அப்படியே சொல்ல மனமில்லாமல் நானே ஒரு கதை கட்டினேன். மலை உச்சியில் ஒரு பனிக்காரி. நீளமான கறுப்பு அங்கி போட்டிருப்பாள். மூடுபனியோடு இறங்கி வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாக நுழைந்து, அடுப்பு நெருப்பை அள்ளி அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போய்விடுவாள். ஏன் திருடுகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. கெட்டவள், அதனால் திருடுகிறாள். கடைசியில் அவளை மலையிலிருந்து உருட்டிவிடுவதாக இருந்தேன்.

பிள்ளைகளைவிடத் தாய்மாருக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே, "டீச்சர், அந்தப் பனிக்காரி நம்ம கணக்கப்பிள்ளைக்குச் சொந்தமா? அவரும் வேல வாங்குறேன்னு இப்படித்தான் சத்தமில்லாம பின்னால வந்து நிக்கிறாரு" என்பார் ஒருவர். மற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பில் தூங்கின குழந்தை எழுந்துவிடும்.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை, அடைமழையில் லயத்துக்குக் கீழே ஒரு வேன் வந்து நின்றது. சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு பெண் திரும்பி வந்திருந்தாள். ஒரு வயதுகூட நிரம்பாத மகளைக் கணவனின் தங்கையிடம் விட்டுப் போனவள். அந்த மகளுக்கு இப்போது நாலரை வயது, பகலில் எங்கள் பிள்ளைக்காம்பராவில்தான் இருப்பாள். தாய் அங்கே போட்டுப் பழகிய கறுப்பு அங்கியோடு மழையில் லயத்துப் படியேறி வந்தாள். நீளமான கறுப்பு அங்கி. மலையெல்லாம் மூடுபனி. பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பனிக்காரி" என்று அலறிக்கொண்டு அத்தையின் சேலைக்குள் ஒளிந்தாள்.

மறுநாளே அந்த அங்கி பெட்டிக்குள் போய்விட்டது. பயம் போகவில்லை. தாய் சோறு போட்டால் பிள்ளை சாப்பிடாது. தாய் இருக்கும் அறையில் தூங்காது. தகப்பனுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அத்தைக்கோ ஆவணியில் கல்யாணம், உடப்புசல்லாவைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைக்குத் தாயை விட்டால் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

இந்தக் கதையை இனிமேல் சொல்லப்போவதில்லை என்று தாயிடம் போய்ச் சொன்னேன். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "நிப்பாட்டாதீங்க டீச்சர். நிப்பாட்டினா அவ மனசுல நான் அப்படியேதான் நிப்பேன். அந்தப் பனிக்காரிய நீங்களே கொண்டுபோய் ஒரு நல்ல முடிவுல சேத்துருங்க."

அடுத்த நாள் அவசர அவசரமாகப் பனிக்காரியைத் திருத்தினேன். அவள் மனம் மாறி, அங்கியைக் கழற்றி எறிந்து, நல்லவளாகிவிட்டாள் என்றேன். அந்தப் பிள்ளை உடனே சொன்னாள்: "சும்மா நடிக்கிறா டீச்சர். ராவைக்கு மறுபடியும் வந்து எடுப்பா."

"இவகிட்ட உங்க கதை எடுபடாது டீச்சர்" என்று தாய்மார் சிரித்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த தாய் சிரிக்கவில்லை. பால் கொடுக்கக் கைக்குழந்தை இல்லாவிட்டாலும் அவள் தினமும் அந்த நேரத்துக்கு வந்து அதே படியில் உட்காருவாள்.

அதனால் கதையை மெதுவாக்கினேன். பனிக்காரி எடுத்த நெருப்பை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொண்டுவருகிறாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. வாசலில் தணலை வைத்துவிட்டுப் போகிறாள். மறுநாளும் வருகிறாள். இப்படியே இரண்டு வாரம் போனது. அந்தப் பிள்ளை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் கேட்பாள். ஆனால் கேட்டாள்.

ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அவ ஏன் எடுத்தா?" என்றாள்.

நான் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது படியிலிருந்து தாயின் குரல் வந்தது.

"அவ வீட்லயும் ஒரு புள்ள இருந்துச்சு. நல்ல குளிரு. அடுப்புல நெருப்பு இல்ல."

பிள்ளை மெல்லத் திரும்பினாள். தாய் வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவ எடுக்கப் போனப்ப அந்தப் புள்ளைய யாரு பாத்துக்கிட்டா?"

"அத்தை."

"அழுதுச்சா?"

"தெரியலம்மா. அவ தூரத்துல இருந்தா. அவளுக்குக் கேக்கல."

பிள்ளை, ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோல, "அழுதுச்சு" என்றாள்.

கணக்கப்பிள்ளையைக் கேலி பண்ணும் அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாய் எழுந்து ஓடிவந்து அணைக்கவில்லை. கை இரண்டையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்தப் பொறுமை எப்படி வந்தது என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

"இனிமேப் போவாளா?" என்று பிள்ளை கேட்டாள்.

"போக மாட்டா."

"சரி, கதையச் சொல்லுங்க டீச்சர்" என்று பிள்ளை என் பக்கம் திரும்பினாள். அன்று அவ்வளவுதான் நடந்தது. அடுத்த சில நாட்களில் அவள் உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக வாசற்பக்கம் நகர்ந்தது. ஆடி பிறப்பதற்குள் படிவரை போய்விட்டாள்.

ஆவணியில் அத்தையின் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. தாலி கட்டும்போது மேளச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தப் பிள்ளை அதையெல்லாம் பார்க்கவில்லை. தாயின் மடியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போனாலும் தாய் கடைசிவரை அசையவில்லை.

அதன் பிறகு எத்தனையோ மாயக் கதைகள் எழுதிவிட்டேன். இன்றும் ஒரு கெட்டவளை எழுத உட்கார்ந்தால், இவள் யாருடைய குளிருக்காகப் போனாள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், அது தெரியும்வரை அவளைத் தண்டிக்கவும் மன்னிக்கவும் எனக்குக் கை வருவதில்லை.