சிறுகோளைத் துடைத்தவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனிதன் சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகோளின் மீது விண்கலத்தையே மோதவிட்டுப் பார்த்துவிட்டான். ஆனால் சிறுகோள் ஒன்றை, மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்து வைத்த பெருமை, எனக்குத் தெரிந்து, ஓசூர்க்காரனான என் ஒருவனையே சேரும். நிஜச் சிறுகோள் இல்லை, அதன் இடத்தில் நாங்கள் வைத்திருந்த கல். ஆனால் துடைத்தது நிஜம்.

இந்த ஜெர்மனியில் நான் பார்க்கும் வேலையை ஊருக்கு விளக்குவது கஷ்டம். சிறுகோளில் விண்கலம் மோதினால் தூசி கிளம்பிப் படியும். அதன்பின் அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் மாறும். எப்படி மாறியது என்று பார்த்தால், அது எதனால் ஆனது என்பதைப் பூமியிலிருந்தே ஊகிக்கலாம். அதற்கான ஒத்திகைதான் எங்கள் ஆய்வகத்தில் நடக்கிறது. சாம்பல் நிறப் பொடி தூவிய கல்லின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, திரும்பி வரும் ஒளியை அளப்போம். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் அதை வைத்து, சின்னக் குண்டால் சுடுவோம். மறுபடி அளப்போம். "கல்ல சுட்டுட்டு லைட் அடிச்சுப் பாக்கறதுக்கா ஃப்ளைட் ஏறிப் போனீங்க?" என்று ஓசூருக்குப் பக்கத்துப் பாகலூரிலிருந்து என் மனைவி கல்பனா போனில் கேட்டாள்.

இதற்கு முன் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருந்தேன். சூப்பர்வைசர் முனிராஜ் வீட்டில் தெலுங்கு பேசுவார், டீக்கடையில் கன்னடம். தமிழை எங்களைத் திட்டுவதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தார். துடைக்காத பீஸ் மேஜைக்கு வந்தால் தீர்ந்தது. "என்னாப்பா, மாப்பிள்ளைய மூஞ்சி கழுவாமலே மணவறைல உக்கார வெப்பியா? தொடச்சிகினு வா!" துடை, பிறகு அள. அந்தப் பாடம் மூளைக்குப் போகாமல் நேரே கைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. விமானம் ஏறும்போது பெட்டியில் ஊறுகாயோடு ஒரு கட்டு பனியன் வேஸ்ட்டும் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடும் கருவி எங்களுடையதில்லை. வேறொரு ஆய்வகத்தில் கெஞ்சி, இரண்டே நாளுக்கு வாங்கியது. இந்த அளவு சரியாக வந்தால்தான் என் வேலை ஒப்பந்தம் நீளும். அது நீண்டால்தான் கல்பனாவுக்கு விசா. முதல் நாள், குறி சரியா என்று பார்க்க, அதே வகைக் கல் ஒன்றில் அதே பொடியைத் தூவிச் சுட்டோம். இரண்டாம் நாள், அளவெடுக்க வேண்டிய கல். குண்டு நடுவில் விழுந்து, தூசி அழகாகப் படிந்தது. எனக்கு மேலதிகாரியான ஹெல்கா போன் பேச வெளியே போனார். நான் கல்லை எடுத்து மேஜையில் வைத்தேன். மேலெல்லாம் ஒரே அழுக்கு. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

திரும்பி வந்த ஹெல்கா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பளபளப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தூசி எங்கே?"

"இதோ" என்று துணியைப் பெருமையாக நீட்டினேன். "ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எடுத்துவிடுகிறேன்."

ஹெல்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்னொரு கல்லைத் தயாராக்க நேரமில்லை, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி கிடைக்க அடுத்த வருடம் ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாகலூர் பஸ்ஸில் பெட்டியோடு நான் இறங்குவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

கூடவே முனிராஜும் வந்தார். மெஷினை செட் செய்து எடுக்கும் முதல் துண்டுக்கு செட்டிங் பீஸ் என்று பெயர். அதை அளந்து, சீட்டுக் கட்டி, ஓரமாக வைத்துவிட வேண்டும். அதை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது, தொடவே கூடாது. முந்தைய நாள் கல்லைத் தூக்கி எறிந்துவிடச் சொல்லியிருந்தார் ஹெல்கா. செட்டிங் பீஸை எறிய எனக்குக் கை வருமா? சுடுவதற்கு முன்பே வழக்கம்போல் அதன் ஒளியை அளந்திருந்தேன். சுட்ட பிறகு கண்ணாடி மூடி போட்டு, தமிழில் சீட்டும் ஒட்டி அலமாரியில் வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்தேன். தூசி படிந்தது படிந்தபடி இருந்தது.

"இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார் ஹெல்கா.

"தொடாதே என்று."

"அப்படியானால் அந்தச் சொல் உங்களுக்குத் தெரியும்."

அன்று மாலை அளவுகள் சுத்தமாக வந்தன. முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியுமாக ஒளி மாறியிருந்தது. ஒப்பந்தமும் நீண்டது. இப்போது என் ஆய்வகக் கோட்டின் வலது பையில் ஓசூர் பனியன் வேஸ்ட், இடது பையில் ஹெல்கா கொடுத்த கையுறை. கல்லைப் பார்த்ததும் கை எந்தப் பைக்குள் போகப்போகிறது என்று நானே வேடிக்கை பார்க்கிறேன்.

கல்பனாவுக்குப் போன் போட்டு, விசாவுக்கு வழி பிறந்த சேதியிலிருந்து கல்லைத் துடைத்த கதைவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆனந்தக் கண்ணீர் விடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அங்க வூடு தொடைக்கிறது உங்க வேல."